வோல்ட்மீட்டர வச்சு கே.எஸ்.பி கண்டுபிடிக்கிறது எப்படி: சில்வர் குளோரைடுல ஆரம்பிச்சு ஒரு முழுமையான வழிகாட்டி

சில்வர் குளோரைடு தண்ணில கரையாதுன்னு ஸ்கூல்லயே சொல்லிக் குடுத்துடறாங்க. கரையும். ஒரு லிட்டர் தண்ணிக்கு ஏறக்குறைய 1.9 மில்லிகிராம் கரையும். சில்வர் அயோடைடுன்னா இன்னும் கஞ்சத்தனம், லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் சொச்சம்தான். இத வடிகட்டி, வத்த வச்சு, மிச்சத்த எடை போட்டு கண்டுபிடிக்கலாம்னு உக்காந்தா தராசு பக்கத்துல நாம விடற மூச்சுக்கே அதவிட அதிகமா முள்ளு ஆடும். ஆனா ரெண்டு வெள்ளிக் கம்பியும் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் இருந்தா, உப்பு எவ்வளவு கரையும்னு சொல்ற கே.எஸ்.பி-ங்கற எண்ண ஒரு மதியத்துல கண்டுபிடிச்சுடலாம்.

எப்படி முடியுதுன்னா, மீட்டர்ல வர்ற வோல்டேஜ் அயனியோட அளவுக்கு நேரா ஏறி இறங்கறதில்ல, அதோட லாக் மதிப்புக்குதான் ஏறி இறங்குது. வெள்ளி அயனி பத்து மடங்கு குறைஞ்சா வோல்டேஜ் வெறும் 59 மில்லிவோல்ட் குறையும், இன்னொரு பத்து மடங்கு குறைஞ்சா இன்னொரு 59, அவ்வளவுதான். அதனால தசம புள்ளிக்கு அப்புறம் எட்டு சைபர் வர்ற அளவு கூட மீட்டர்ல சௌகரியமா அரை வோல்ட் கிட்ட வந்து உக்காந்துக்கும். இதுக்கு நாம குடுக்கற விலையும் அதே லாக்தான், திருப்பி ஆன்டிலாக் எடுக்கும்போது 1 மில்லிவோல்ட் தப்பு விடையில 4 சதவீதம் தப்பா மாறும், 10 மில்லிவோல்ட் விட்டீங்கன்னா விடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தள்ளிப் போயிடும். கீழ நான் உப்புப் பாலம் (ரெண்டு பீக்கர் கரைசலையும் கலக்க விடாம மின்சார வழியா இணைக்கறது), டெம்பரேச்சர், ஆக்டிவிட்டி (அயனி நிஜமா காட்டற வீரியம்)-ன்னு நொச்சு நொச்சுன்னு சொல்றதெல்லாம் இந்த சில மில்லிவோல்ட்டுக்காகத்தான்.

முதல்ல, அந்த கம்பி எதைப் பாக்குது

கே.எஸ்.பி-ன்னா கரைதிறன் பெருக்கம். சில்வர் குளோரைடு திடமா அடியில கிடக்குது, மேல இருக்கற கரைசல்ல வெள்ளி அயனி கொஞ்சம், குளோரைடு அயனி கொஞ்சம், ரெண்டையும் பெருக்கினா வர்ற எண் அந்த டெம்பரேச்சர்ல மாறாது. குளோரைட நீங்க வெளில இருந்து கூட்டினா வெள்ளி தானா குறைஞ்சு பெருக்கத்த அதே இடத்துல நிறுத்தும்.

இத உருப்படியா எழுதிக் காட்டினது வால்தர் நெர்ன்ஸ்ட்ங்கற ஜெர்மன் வேதியியலாளர், 1889-ல. அதே வருஷத்துலதான் மின்கல வோல்டேஜுக்கான அந்த புகழ்பெற்ற நெர்ன்ஸ்ட் சமன்பாட்டையும் குடுத்தாரு, அப்ப அவருக்கு வயசு 25. நமக்கு அயனிச் சமநிலை ஒரு பாடம், மின்வேதியியல் வேற பாடம்னு தனித்தனியா நடத்தறாங்க, ஆனா ரெண்டும் ஒரே ஆளு ஒரே வருஷம் யோசிச்சது. இந்த கணக்குல ரெண்டும் திரும்ப ஒண்ணா சேருது.

வெள்ளிக் கம்பி ஒண்ண ஏதோ ஒரு கரைசல்ல முக்கினா 25 டிகிரில அந்த நெர்ன்ஸ்ட் சமன்பாட்டுப்படி அதோட மின்னழுத்தம்:

கம்பியோட மின்னழுத்தம் = 0.7996 + 0.05916 × லாக் (வெள்ளி அயனி)

இதுல குளோரைடு எங்கயாவது இருக்கா? இல்ல. கம்பிக்கு தெரிஞ்சது ஒரே விஷயம்தான், தன்ன சுத்தி எவ்வளவு வெள்ளி அயனி இருக்குங்கறது. சில்வர் குளோரைடு எலக்ட்ரோடுன்னு தனியா ஒரு பேரு, 0.2223 வோல்ட்னு தனியா ஒரு ஈ நாட் மதிப்பு (தர மின்னழுத்தம், அதாவது கரைசல்ல செறிவு 1-ஆ இருக்கும்போது வர்றது) எல்லாம் புக்குல போட்டிருப்பாங்க, அத ஏதோ வேற ஜாதி எலக்ட்ரோடுன்னு நினைச்சுதான் நிறைய பேரு குழம்பறாங்க. அது வேற எதுவும் இல்ல, அதே வெள்ளிக் கம்பிதான், வெள்ளி அயனிக்கு கடும் பஞ்சம் இருக்கற கரைசல்ல நிக்குது. குளோரைடு 1-னு இருக்கும்போது வெள்ளி எவ்வளவு இருக்கும்? சரியா கே.எஸ்.பி அளவு. அப்ப மேல இருக்கற வரியிலயே போட்டுடலாம்:

0.2223 = 0.7996 + 0.05916 × லாக் (கே.எஸ்.பி)

புக்குல இருக்கற ரெண்டு எண்ண வச்சு போடற வழி

பரிட்சைக்கு படிக்கறவங்களுக்கு மேல இருக்கற அந்த ஒத்த வரி போதும், ஆனா ஸ்டெப் மார்க் வேணும்னா ரெண்டு அரை வினையா எழுதுங்க. சில்வர் குளோரைடு ஒரு எலக்ட்ரான வாங்கி வெள்ளியும் குளோரைடும் ஆகுது, இது 0.2223. வெள்ளி ஒரு எலக்ட்ரான விட்டுட்டு வெள்ளி அயனி ஆகுது, இது 0.7996-ஓட எதிர் திசை. ரெண்டையும் கூட்டினா எலக்ட்ரானும் உலோக வெள்ளியும் அடிபட்டுப் போயி சில்வர் குளோரைடு கரையற வினை மட்டும் மிஞ்சும், அதோட ஈ நாட் 0.2223 − 0.7996 = −0.5773 வோல்ட். மைனஸ் வந்ததும் பயப்படாதீங்க, வரணும். அந்த உப்பு தானா கரைஞ்சு ஓட விரும்பலங்கறதுதான் அந்த மைனஸ். பிளஸ் வந்தாதான் எங்கயோ திருப்பிப் போட்டிருக்கீங்கன்னு அர்த்தம்.

லாக் (கே.எஸ்.பி) = −0.5773 ÷ 0.05916 = −9.758

இப்ப ஆன்டிலாக். கால்குலேட்டர் இருந்தா ஒரு பட்டன். லாக் டேபிள் வச்சு பண்றவங்க இங்கதான் வழுக்கி விழறாங்க, −9.758-ல இருக்கற .758-க்கு டேபிள்ல தேடி 5.73-னு எடுத்து 5.73 × 10⁻⁹-னு எழுதிடுவாங்க, நானே +2 ரிவிஷன் டெஸ்ட்ல எழுதியிருக்கேன். டேபிள்ல மைனஸ் தசமம் கிடையாது. −9.758-ஐ −10 + 0.242-னு மாத்தணும், அதாவது 10 பார் .242, இப்ப .242-க்கு ஆன்டிலாக் 1.746. விடை 1.75 × 10⁻¹⁰. ஹேண்ட்புக்ல 1.77 இல்ல 1.8 × 10⁻¹⁰-னு இருக்கும், அந்த சின்ன வித்தியாசம் ஈ நாட் மதிப்புகள்ல கடைசி இலக்கத்துல வர்ற அரை மில்லிவோல்ட்டுக்கும் கம்மியான சமாச்சாரம்.

இதே மாதிரி சில்வர் புரோமைடுக்கு 0.0713-ஐ வச்சு போட்டுப் பாருங்க, 4.9 × 10⁻¹³ வரும். அயோடைடுக்கு −0.1522, விடை 8.2 × 10⁻¹⁷. குளோரைடு, புரோமைடு, அயோடைடுன்னு போகப் போக ஈ நாட் இறங்கிட்டே போகுது பாத்தீங்களா, கரையறது குறையக் குறைய கம்பிக்கு வெள்ளிப் பஞ்சம் கூடுது, அதான் இறங்குது.

எலக்ட்ரான் எண்ணிக்கை 1-ஆ இருக்கற வரைக்கும் யாரும் தப்பு பண்றதில்ல, 2 ஆனதும்தான் கூத்து. சில்வர் குரோமேட் எடுத்துக்குங்க, அதுல ரெண்டு வெள்ளி. வினைய சமன் பண்ண வெள்ளியோட அரை வினைய ரெண்டால பெருக்கணும், உடனே நம்ம கை 0.7996-ஐயும் ரெண்டால பெருக்கப் போகும். பெருக்கக் கூடாது. எத்தனை எலக்ட்ரான் போனாலும் அழுத்தம் அழுத்தம்தான், டேங்க்ல இருந்து ஒரு குடம் புடிச்சாலும் ரெண்டு குடம் புடிச்சாலும் டேங்க்கோட உயரம் மாறாத மாதிரி. சில்வர் குரோமேட்டோட ஈ நாட் 0.4470, வித்தியாசம் −0.3526, இப்பதான் 2 உள்ள வரும்:

லாக் (கே.எஸ்.பி) = 2 × (−0.3526) ÷ 0.05916 = −11.92

விடை 1.2 × 10⁻¹². லெட் சல்பேட்டும் அதே 2 தான், −0.3588-ல இருந்து −0.1262-ஐ கழிச்சா −0.2326, கே.எஸ்.பி 1.4 × 10⁻⁸ வரும், ஹேண்ட்புக் மதிப்புகள் இதவிட கொஞ்சம் கூட இருக்கும் ஆனா அதே 10⁻⁸ வட்டாரம்தான். (வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியோட மைனஸ் தகடு இதே அரை வினைதான், ஆசிட் மட்டும் ரொம்ப கெட்டி.) லெட் அயோடைடுல இன்னொரு கண்ணி இருக்கு. −0.365-ஐ வச்சு போட்டா 8.4 × 10⁻⁹ ஈசியா வந்துடும், ஆனா கணக்குல அயோடைடு செறிவு 1-னு குடுக்காம 0.1-னு குடுத்திருந்தா நெர்ன்ஸ்ட்ல அத வர்க்கம் பண்ணணும், ஏன்னா ஒரு ஈயத்துக்கு ரெண்டு அயோடைடு.

லேப்ல செஞ்சு பாக்கறது

இதுவரைக்கும் யாரோ அளந்த எண்ணுங்கள கழிச்சோம். இப்ப நாமளே அளக்கப் போறோம். ஒரு பக்கம் வெள்ளி அயனி எக்கச்சக்கமா இருக்கற பீக்கர், இன்னொரு பக்கம் பஞ்சத்துல இருக்கற பீக்கர், ரெண்டுலயும் ஒரே மாதிரி வெள்ளிக் கம்பி. ரெண்டுக்கும் நடுவுல வர்ற வோல்டேஜ்தான் நமக்கு வேணும். ரெண்டு பக்கமும் ஒரே உலோகம்ங்கறதால 0.7996 அடிபட்டுப் போயிடும், அதனால அந்த மதிப்ப நம்பவே வேண்டாம், இந்த அமைப்புல எனக்கு ரொம்ப பிடிச்சது அதுதான்.

கம்பி 99.9 சதவீத சுத்த வெள்ளியா இருக்கணும். வீட்ல கிடக்கற பழைய கொலுச அறுத்து எடுத்துட்டு வராதீங்க, அதுல செம்பு கலந்திருக்கும், செம்பு தன் பங்குக்கு ஒரு வோல்டேஜ் சொல்லும். ரெண்டு கம்பியையும் ஒரே துண்டுல இருந்து வெட்டுங்க. நைசான உப்புத்தாள்ல தேச்சு, நீர்த்த நைட்ரிக் ஆசிட்ல சில நொடி முக்கி, காய்ச்சி வடிச்ச தண்ணில நல்லா அலசுங்க.

தண்ணிதான் அடுத்த வில்லன். குழாய்த் தண்ணில குளோரைடு இருக்கும், அதுல சில்வர் நைட்ரேட் போட்ட உடனே பால் மாதிரி கலங்கிடும். கடையில வாங்கின பேட்டரி தண்ணியா இருந்தாலும் ஒரு டெஸ்ட் டியூப்ல கொஞ்சம் ஊத்தி ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருந்தா எடுத்துக்கலாம், லேசா புகை மாதிரி வந்தா கூட வேண்டாம்.

0.1 மோலார் சில்வர் நைட்ரேட் 50 மில்லி பண்ண 0.849 கிராம், 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு 50 மில்லி பண்ண 0.373 கிராம். சில்வர் நைட்ரேட்ட கையில பட விடாதீங்க, கிளவுஸும் கண்ணாடியும் கட்டாயம், பட்டா முதல்ல ஒண்ணும் தெரியாது, சாயங்காலம் பாத்தா கருப்பா இருக்கும், ஓட்டு போட்டா விரல்ல வைக்கற அழியாத மையில இருக்கறதும் இதே சரக்குதான்.

வலது பீக்கர்ல சில்வர் நைட்ரேட் மட்டும். இடது பீக்கர்ல பொட்டாசியம் குளோரைடு, அதுல ஒண்ணு ரெண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுங்க, வெள்ளையா கலங்கும், அதுதான் நம்ம சில்வர் குளோரைடு வீழ்படிவு. ஒரு சொட்டுக்கு குளோரைடுல ஆயிரத்துல ஒரு பங்குதான் செலவாகும், அத கண்டுக்க வேண்டாம், 0.1-னே வச்சுக்கலாம். கலங்கல் இருக்கணும், அது முக்கியம், கலங்கல் இருந்தாதான் கரைசல் நிறைவா இருக்குன்னு அர்த்தம். இந்த பீக்கர ஜன்னல் பக்கம் வெயில்ல வைக்காதீங்க, சில்வர் குளோரைடு வெளிச்சம் பட்டா ஊதா கலந்த சாம்பல் நிறமாகி வெள்ளியா பிரிஞ்சுடும், அந்தக் கால போட்டோகிராபியே இத வச்சுதான் ஆரம்பிச்சது. ஒரு அலுமினியம் ஃபாயில சுத்தி விட்டா முடிஞ்சுது.

உப்புப் பாலம். இதுல நான் அடிபட்ட கதைய சொல்லிடறேன். எம்.எஸ்சி படிக்கும்போது அலமாரில ரெடியா ஒரு பொட்டாசியம் குளோரைடு பாலம் இருந்துச்சு, எல்லா பரிசோதனைக்கும் அதத்தான போடறோம்னு நான் பாட்டுக்கு எடுத்துப் போட்டுட்டேன். ரீடிங் நிக்கவே மாட்டேங்குது, நிமிஷத்துக்கு நிமிஷம் இறங்கிட்டே போகுது, மீட்டர மாத்தினேன், கம்பிய திரும்ப தேச்சேன், ஒரு மணி நேரம் கழிச்சுதான் சில்வர் நைட்ரேட் பீக்கருக்குள்ள இருந்த பாலத்தோட முனைய சுத்தி வெள்ளையா மேகம் மாதிரி தொங்கறத பாத்தேன். பாலத்துல இருந்து குளோரைடு வெளிய வந்து வலது பக்கத்து வெள்ளியையே வீழ்படிவாக்கி, முனையையும் அடைச்சுட்டு இருந்திருக்கு. இந்த பரிசோதனைக்கு பொட்டாசியம் நைட்ரேட் இல்லன்னா அம்மோனியம் நைட்ரேட் பாலம்தான், வேற பேச்சே கிடையாது. பாலம் செய்ய பெருசா ஒண்ணும் வேண்டாம், பொட்டாசியம் நைட்ரேட் கரைசல்ல 3 சதவீதம் அகர் போட்டு காய்ச்சி (ஜெல்லி பண்ண வாங்கற சைனா கிராஸ்தான் அது) சூடா இருக்கும்போதே வளைஞ்ச கண்ணாடிக் குழாய்ல காத்துக் குமிழி இல்லாம இழுத்து ஆற விடுங்க. அவசரத்துக்கு, பொட்டாசியம் நைட்ரேட்ல ஊற வச்ச ஃபில்டர் பேப்பர் பட்டையே போதும்.

மீட்டர் விஷயத்துல பழைய முள்ளு வோல்ட்மீட்டர் வேண்டவே வேண்டாம். அது ஓடறதுக்கே கரன்ட் இழுக்கும், இழுத்தா கம்பிய சுத்தி இருக்கற அந்த கொஞ்சூண்டு வெள்ளி அயனி அளவே மாறிடும். 10 மெகாஓம் உள்தடை இருக்கற டிஜிட்டல் மல்டிமீட்டர் சரியா வரும், பி.எச் மீட்டர்ல மில்லிவோல்ட் மோடு இருந்தா அது இன்னும் நல்லது. காலேஜ் லேப்ல நீட்டு கம்பி வச்ச பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும், அதுல நல் பாயின்ட்ல (முள்ளு பூஜ்யத்துல நிக்கற இடத்துல) கரன்ட் சுத்தமா ஓடாது, அதனாலதான் அத இன்னும் வச்சிருக்காங்க.

அளக்கறதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை பண்ணிடுங்க, இத யாரும் ரெக்கார்ட் நோட்டுல எழுத மாட்டாங்க, ஆனா பாதி தலைவலி இதுலயே தீரும். ஒண்ணு, ரெண்டு கம்பியையும் ஒரே சில்வர் நைட்ரேட் பீக்கர்ல போட்டு மீட்டர பாருங்க, பூஜ்யம் வரணும். 1, 2 மில்லிவோல்ட் வந்தா குறிச்சு வச்சுட்டு பின்னாடி கழிச்சுக்கலாம், 5-க்கு மேல வந்தா திரும்ப தேயுங்க. ரெண்டு, ஒரு பக்கம் 0.1 மோலாரும் இன்னொரு பக்கம் அதயே பத்து மடங்கு நீர்த்த 0.01 மோலார் சில்வர் நைட்ரேட்டும் வச்சு பாலம் போட்டு அளங்க. 59 வரும்னு நினைப்பீங்க, 54 கிட்டதான் வரும், அதுதான் சரி. ஏன்னு அடுத்த பகுதில வருது.

இப்ப நிஜ அளவீடு. மீட்டரோட சிவப்பு வயர் சில்வர் நைட்ரேட் பக்கம், கருப்பு வயர் குளோரைடு பக்கம். வெள்ளி அயனி நிறைய இருக்கற பக்கம்தான் பிளஸ். பாலத்த போட்டதும் வர்ற முதல் எண்ண எழுதிடாதீங்க, அஞ்சு பத்து நிமிஷம் விட்டு, ரெண்டு மூணு நிமிஷத்துக்கு 1 மில்லிவோல்ட் கூட நகராம நிக்கறப்ப எழுதுங்க. டெம்பரேச்சரையும் கூடவே எழுதுங்க.

கணக்கு, அப்புறம் அந்த ரெண்டு மடங்கு தப்பு

25 டிகிரில எல்லாம் ஒழுங்கா இருந்தா 0.444 வோல்ட் பக்கம் வரும். அத வச்சே போடுவோம்.

0.444 = 0.05916 × லாக் (வலது வெள்ளி ÷ இடது வெள்ளி)

0.444 ÷ 0.05916 = 7.505, ஆன்டிலாக் எடுத்தா 3.2 × 10⁷. அதாவது வலது பக்கத்துல இடது பக்கத்த விட 3 கோடியே 20 லட்சம் மடங்கு வெள்ளி அயனி. வலது 0.1-னா இடது 3.13 × 10⁻⁹, அத குளோரைடு 0.1-ஆல பெருக்கினா கே.எஸ்.பி 3.1 × 10⁻¹⁰.

புக்குல 1.8. நமக்கு 3.1. இங்க வந்ததும் பல பேரு மீட்டர் சரியில்லன்னு முடிவு பண்ணிடறாங்க, இல்லன்னா சத்தம் போடாம ரீடிங்க திருத்தி 0.458-னு எழுதிடறாங்க (செறிவ மட்டும் வச்சு பின்னாடி இருந்து போட்டா அதுதான் வரும், ரெக்கார்ட் நோட்டுல 0.458 பாத்தா எனக்கு உடனே சந்தேகம் வந்துடும்). மீட்டர் சரியாத்தான் சொல்லுது. நாமதான் செறிவையும் ஆக்டிவிட்டியையும் ஒண்ணுன்னு வச்சுட்டோம்.

ஒரு கல்யாண மண்டபத்துல நூறு பேரு இருக்காங்க, ஆனா எல்லாரும் சொந்தக்காரங்க கிட்ட மாட்டிட்டு பேசிட்டு நிக்கறாங்க, சாப்பாட்டு பந்திக்கு கூப்பிட்டா உடனே வர்றது எழுபத்தஞ்சு பேருதான். அயனியும் அப்படித்தான், பிளஸ்ஸ சுத்தி மைனஸ் கூட்டம் சேர்ந்து அத கொஞ்சம் புடிச்சு வச்சிருக்கும், அதனால அது முழு வீரியத்தோட நடந்துக்காது. இத கணக்குல கொண்டு வர்றதுக்கான சமன்பாட்ட டிபை, ஹுக்கெல்ங்கற ரெண்டு விஞ்ஞானிகள் 1923-ல குடுத்தாங்க. நமக்கு டேபிள் போதும்: 0.1 மோலார் சில்வர் நைட்ரேட்டுக்கு குணகம் (செறிவ இதால பெருக்கினா ஆக்டிவிட்டி வரும்) 0.734, 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடுக்கு 0.770. அப்ப வலது வெள்ளி 0.0734, குளோரைடு 0.0770.

இடது வெள்ளி = 0.0734 ÷ (3.2 × 10⁷) = 2.29 × 10⁻⁹

கே.எஸ்.பி = 2.29 × 10⁻⁹ × 0.0770 = 1.77 × 10⁻¹⁰

புக்கு மதிப்பு அப்படியே வந்து உக்காந்துடுச்சு. முன்னாடி சொன்ன 54 மில்லிவோல்ட்டும் இதே கதைதான், 0.01 மோலார்ல குணகம் 0.897, அதனால ரெண்டு பக்கமும் சரியா பத்து மடங்கு வித்தியாசம் இல்ல, ஆக்டிவிட்டில 8.2 மடங்குதான். டேபிள் கையில இல்லன்னா ரெண்டு கரைசலையும் 0.01 மோலாருக்கு இறக்கிடுங்க, அப்ப ஆக்டிவிட்டிய கண்டுக்காம விட்டாலும் விடை கால் பங்குக்குள்ளதான் தள்ளிப் போகும், முக்கால் பங்கு தள்ளிப் போகாது. +2 கணக்குல குணகம் குடுக்கலன்னா செறிவயே போட்டுடுங்க, அங்க அதத்தான் எதிர்பாக்கறாங்க.

நம்ம ஊர் டெம்பரேச்சர்

0.05916 ஒண்ணும் சாமி குடுத்த எண் இல்ல, அது 25 டிகிரிக்கு மட்டும். கெல்வின்ல டெம்பரேச்சர 0.0001984-ஆல பெருக்கினா வர்றதுதான் அது. மே மாசம் சென்னைல ஃபேன் கீழ உக்காந்து அளக்கறீங்க, தெர்மாமீட்டர் 32 காட்டுதுன்னா எண் 0.06055. இத மாத்தணும்னு கொஞ்ச பேருக்கு தெரியும், ஆனா அதோட முடியல, கே.எஸ்.பி-யே மாறிடும். சில்வர் குளோரைடு கரையறப்ப ஒரு மோலுக்கு 65.5 கிலோஜூல் வெப்பத்த உறிஞ்சும், அதனால சூட்டுல நல்லா கரையும், 25-ல இருந்து 32-க்கு போனாலே கே.எஸ்.பி 1.8 மடங்கு ஆகி 3.2 × 10⁻¹⁰ பக்கம் வந்துடும். மீட்டர் 0.438 காட்டும். இப்ப ஒருத்தர் 32 டிகிரில அளந்துட்டு 0.05916-ஐயே போட்டாருன்னா 2.2 × 10⁻¹⁰ வரும், பாக்க புக்கு மதிப்புக்கு பக்கத்துல அழகா இருக்கும், ஆனா அது எந்த டெம்பரேச்சரோட கே.எஸ்.பி-யும் கிடையாது. முடிஞ்சா ரெண்டு பீக்கரையும் ஒரு பெரிய டப்பா தண்ணில வச்சு கொஞ்சம் ஐஸ் போட்டு 25-ல நிறுத்துங்க.

எடை போடற முறையவிட இது ஏன் ஒசத்தி

இடது பீக்கர்ல வெள்ளி 10⁻⁹ அளவுலதான் இருக்குன்னு சொன்னோம். அந்த கரைசல வடிகட்டி வேற முறையில மொத்த வெள்ளி எவ்வளவுன்னு பாத்தா அதவிட பல நூறு மடங்கு இருக்கும். ரெண்டும் உண்மைதான். குளோரைடு நிறைய இருக்கும்போது ஒரு வெள்ளி அயனி ரெண்டு குளோரைட கூட்டிக்கிட்டு ஒரு அணைவு அயனியா மாறி கரைசல்ல சுத்திட்டு இருக்கும், எடை போடறவங்க அதையும் சேர்த்து எண்ணிடுவாங்க. வெள்ளிக் கம்பி தனியா நிக்கற வெள்ளி அயனிய மட்டும்தான் பாக்கும், கே.எஸ்.பி-க்கு வேணும்கறதும் அதேதான். அதுக்காக பொட்டாசியம் குளோரைட 3 மோலார், 4 மோலார்னு ஏத்திடாதீங்க, அணைவு அயனி எக்கச்சக்கமா உண்டாகி நீங்க விட்ட ரெண்டு சொட்டு வீழ்படிவும் கரைஞ்சு காணாம போயிடும், கலங்கல் போச்சுன்னா அந்த ரீடிங்குக்கு அர்த்தமே இல்ல.

கேலமல் எலக்ட்ரோடு இருந்தா டைட்ரேஷன் வழி

லேப்ல நிறைவுற்ற கேலமல் எலக்ட்ரோடு (மின்னழுத்தம் மாறாம நிக்கற ரெடிமேட் ஒப்பீட்டு எலக்ட்ரோடு) இருந்தா வெள்ளிக் கம்பி ஒண்ணே போதும். கேலமலுக்குள்ள இருக்கறதும் பொட்டாசியம் குளோரைடுதான், அதனால நேரா முக்காம நடுவுல நைட்ரேட் பாலம் போட்டுக்குங்க. பீக்கர்ல குளோரைடு, ப்யூரெட்ல சில்வர் நைட்ரேட், சொட்டு சொட்டா விட்டு வோல்டேஜ கிராஃப் போடுங்க. திடீர்னு செங்குத்தா ஏறற இடம்தான் சமானப் புள்ளி, அங்க வெள்ளியும் குளோரைடும் சம அளவு, அதனால வெள்ளி = கே.எஸ்.பி-யோட வர்க்கமூலம். அந்த இடத்துல கேலமலுக்கு எதிரா 0.270 வோல்ட் வந்துச்சுன்னா, கேலமலோட 0.2412-ஐ கூட்டினா 0.5112, அதுல இருந்து 0.7996-ஐ கழிச்சு 0.05916-ஆல வகுத்தா −4.875, வர்க்கம்கறதால ரெண்டால பெருக்கினா −9.75, கே.எஸ்.பி 1.78 × 10⁻¹⁰. இங்க வெள்ளியும் குளோரைடும் சம அளவுல இருக்கறதால ஆக்டிவிட்டி தொல்லை கம்மி. ஆனா கிராஃப் செங்குத்தா நிக்கற இடத்துல ஒரு சொட்டுக்கே பத்து இருபது மில்லிவோல்ட் தாவும், வர்க்கம் வேற இருக்கறதால இங்க 1 மில்லிவோல்ட் தப்புக்கு 8 சதவீதம் போகும். கையில ரெண்டு வழியும் இருந்தா நான் முதல் வழியத்தான் எடுப்பேன், சமானப் புள்ளி கண்டுபிடிக்க கத்துக்கணும்னா மட்டும் இது.

வேலை முடிஞ்சதும் ரெண்டு பீக்கர்ல இருக்கறதையும் சிங்க்ல கொட்டிடாதீங்க, பழுப்பு பாட்டில் ஒண்ணுல வெள்ளிக் கழிவுன்னு லேபிள் ஒட்டி அதுல ஊத்தி வைங்க. மிச்ச பொட்டாசியம் குளோரைடையும் அதுலயே ஊத்தினா எல்லா வெள்ளியும் அடியில தங்கிடும், பாட்டில் நிறைஞ்சதும் வெள்ளிய திரும்ப பிரிச்சு எடுத்துக்கலாம், சில்வர் நைட்ரேட் விக்கற விலைக்கு லேப் அசிஸ்டன்ட் அண்ணன் உங்கள மறக்க மாட்டாரு.